பப்பாசிக்குப் பனியன் போட்ட ஊர்

திருகோணமலைப் பயணத்தில் நான் முதன்முதலாக எரித்தது ஒரு பாதிரியாரின் அங்கி நூலை.

வேண்டுமென்று செய்ததல்ல. பஸ்ஸில் என் பக்கத்து இருக்கையில் வெள்ளை அங்கியோடு ஒரு ஃபாதர் உட்கார்ந்திருந்தார். கைமடிப்பில் ஒரு நூல் பிரிந்து காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. திருப்பூரில் முப்பது வருஷமாகப் பனியன் வேஸ்ட் குடோன் நடத்துகிறவன் கண்ணெதிரே ஒரு நூல் ஆடினால் கை சும்மா இருக்காது. இழுத்தேன், லைட்டரைத் தட்டினேன், மோந்தேன். உருகிய பிளாஸ்டிக் வாசம்.

“பாலியஸ்டருங்க ஃபாதர்,” என்றேன், டாக்டர் கெட்ட செய்தி சொல்கிற குரலில்.

பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கொண்டக்டர் நாலு பேரைத் தாண்டி வந்தார். “அண்ணை, பஸ்ஸுக்குள்ள நெருப்புக் கொளுத்தேலாது. எரிக்கிறதெண்டா இறங்கி நிண்டு எரியுங்கோ.”

அயல்நாட்டில், மதகுருவின் உடைக்குத் தீ வைத்த வழக்கு. போலீஸ், தூதரகம், ஜெயில் எல்லாவற்றையும் கடந்து, குடோன் சாவியை மச்சானிடம் கொடுக்காதே என்று வீட்டுக்காரம்மாவுக்கு எழுதப்போகும் கடிதம் வரைக்கும் மனசு போய்விட்டது.

ஃபாதர் கைமடிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “தைச்சவன் பருத்தி எண்டுதான் சொன்னவன்,” என்றார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். “ஜெனிற்றாவின்ட ஐஸ் பக்டரிக்குத்தானே போறீங்கள்? இந்தியாவில இருந்து துணி எரிக்கிற ஒராள் வாறார் எண்டு சொன்னவா.”

நான் வருவதற்கு முன்பே என் புகழ் வந்து இறங்கியிருந்தது.

ஜெனிற்றா வேதியியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர். வயது நாற்பதைத் தொட்டிருக்கும். துறைமுகத்துக்குப் போகிற சாலையில் மூடிக்கிடந்த ஒரு ஐஸ் தொழிற்சாலைக்குள் பட்டறை வைத்திருக்கிறார். ஆடைத் தொழிற்சாலைகள் வெட்டித் தள்ளும் துண்டுத் துணியிலிருந்து, கண்ணுக்கே தெரியாத ஒரு பொருளை எடுப்பது அவர் வேலை. அதைத் தண்ணீரில் கலந்து பழத்தின் மேல் பூசினால் பழம் சீக்கிரம் கெடாது. குச்சவெளியில் பப்பாளி போடுகிற விவசாயிகள் சங்கம் ஒன்று அதை முயற்சி செய்து பார்க்க ஒப்புக்கொண்டிருந்தது. (பப்பாளியை அங்கே பப்பாசி என்கிறார்கள். இரண்டு நாளில் எனக்கும் அதுவே வாயில் ஒட்டிக்கொண்டது.)

ஆனால் இரண்டு தடவை கொடுத்த கலவையும் சரிவரவில்லை. காரணம், துணியில் கலப்படம். மூன்றாவது தடவையாக, இரண்டு வாரம் கழித்து வரும் வெள்ளிக்கிழமை அறுவடைக்கு இரண்டு கேன் நல்ல கலவை கொடுக்க வேண்டும். தவறினால் சங்கம் விலகிக்கொள்ளும். சங்கம் விலகினால், துணி பிரிக்கிற, பக்கத்து ஊர்க் கிண்ணியாப் பெண்கள் ஆறு பேருக்கும் வேலை கிடையாது.

“பருத்தியை மட்டும் பிரிச்செடுக்கத் தெரிஞ்ச ஒராள் வேணும்,” என்று ஃபோனில் சொல்லியிருந்தார் ஜெனிற்றா. “என் மூக்கு போதுமுங்க,” என்று நானும் பதில் சொல்லியிருந்தேன். இந்த வாக்கியத்தை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

லிங்கநகரில் ஜெனிற்றாவின் பெற்றோர் வீட்டு முன்னறையை எனக்குக் கொடுத்தார்கள். அவருடைய அப்பா கடலுக்குப் போகிறவர். ராத்திரிச் சாப்பாட்டில் கணவாய்க் கறி வைத்தார்கள். கொங்குநாட்டு வயிறு கணவாயைப் பார்த்ததில்லை. ரப்பர் வளையம் மாதிரி இருந்த ஒன்றை வாயில் போட்டேன். இரண்டாவது கவளத்தில் பயம் போனது. நாலாவது தடவை கறி கேட்டபோது வெட்கமும் போனது.

காலையில் பிட்டு. அப்பா வலையைப் பார்க்கப் போயிருந்தார். ஜெனிற்றா குழலிலிருந்து பிட்டை என் தட்டில் தள்ளிவிட்டு, அது உடைகிற இடத்தைக் கரண்டியால் காட்டினார்.

“பாருங்கோ அண்ணை. மாவு இறுக்கமா நிக்குது. தேங்காய்ப்பூ உள்ள இடத்திலதான் உடையுது. பருத்தி நூலும் இப்பிடித்தான். கொஞ்சத் தூரம் இறுக்கமா அடுக்கியிருக்கும், பிறகு கொஞ்சத் தூரம் குழம்பியிருக்கும். பிறகும் இறுக்கம். அசிட் அந்தக் குழம்பின இடத்தை மட்டும் தின்னும். இறுக்கமான துண்டுகள் குச்சி குச்சியா மிஞ்சும்.”

“எத்தனை பெரிய குச்சிங்க?”

“ஒரு தலைமயிரின்ட அகலத்துக்குள்ள ஆயிரக்கணக்கில அடுக்கலாம்.”

என் தலையில் அளந்து பார்க்க முடியாது என்பதால் நம்பிக்கொண்டேன். ஆனால் கை பிட்டோடு நின்றுவிட்டது. வருஷத்துக்கு எத்தனை லாரி வெள்ளைத் துண்டை மெஷின் எண்ணெய் துடைக்க அனுப்பியிருக்கிறேன். ஒவ்வொரு துண்டுக்குள்ளும் இத்தனை கோடிக் குச்சிகள் ஒழுங்காக அடுக்கி உட்கார்ந்திருந்தனவா? எனக்கு யாரும் சொல்லவில்லையே.

கிண்ணியாவுக்கு, பட்டறைக்கு மூட்டை ஏற்றுகிற நஸீர் நானாவின் (நானா என்றால் அண்ணன்) மூன்று சக்கர வண்டியில் போனோம். துண்டுத் துணி மூட்டைகள் அவர் வீட்டு வளவில், மதில் சூழ்ந்த முற்றத்தில்தான் கிடந்தன. அவர் மனைவி ஃபௌசியா தையல்காரி. பிரிக்கிற பெண்களுக்கு அவர்தான் தலைவி. வாசலில் கதிரை போட்டு, இஞ்சி போட்ட, பாலில்லாத பிளேன்ரீ கொடுத்து, “ஐயா, எரிச்சுக் காட்டுங்க பாப்பம்,” என்றார்.

எனக்கு மேடை கிடைத்தால் போதும். ஒவ்வொரு துண்டிலிருந்தும் ஒரு நூல். தீயைக் காட்டு. உருகி உருண்டை பிடித்தால் பாலியஸ்டர், தூக்கிப் போடு. காகிதம் எரிந்த வாசம் வந்து, சாம்பல் விரலில் பொடியானால் பருத்தி, மூட்டைக்குள் போடு. ஒரு மணி நேரத்தில் ஆறு பெண்களும் லைட்டரைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். வளவுக்கு மேலே சின்னதாகப் புகைமூட்டம். பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, “நஸீர், என்ன, வீட்டுக்குள்ள பேய் பிடிச்ச ஆள் யாரும் இருக்கா?” என்று கேட்டார்.

“பேய் இல்ல, திருப்பூர்,” என்றார் நஸீர்.

ஃபௌசியா மட்டும் சில துண்டுகளை எடுத்து முழங்காலுக்குப் பக்கத்தில் தனியாக வைத்துக்கொண்டிருந்தார். ஊசியில் கோர்க்கப் போகிறவர் மாதிரி நூலை எச்சில் படுத்தி, இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்தார்.

“ஐயா, இதுகள் ஈரம் பட்டா அந்த இடத்திலயே விட்டுப் போகுது. மத்தது போகுதில்ல.”

“எரிச்சீங்களா? காகித வாசம் வந்துதா?”

“வந்துது.”

“சாம்பல் பொடியாச்சா?”

“ஓம், பொடிதான்.”

“அப்புறம் என்னங்க சந்தேகம். பருத்திதான்.”

“முப்பது வருஷ மூக்கோட வாதாடாத, புள்ள,” என்றார் நஸீர். பெண்கள் சிரித்தார்கள். ஃபௌசியாவும் சிரித்தார், ஆனால் அந்தத் துண்டுகளை எடுத்துக் கொடுக்கவில்லை. நானே குனிந்து, அவர் முழங்காலடியிலிருந்து அள்ளி, என் கையாலேயே மூட்டைக்குள் போட்டேன். தாராளமாகப் புன்னகை வேறு செய்தேன்.

திரும்பும் வழியில் டவுனில் ஒரு தேநீர்க் கடையில் நிறுத்தினோம். மீன் பணிஸ் என்று ஒன்று கொடுத்தார்கள். நம் ஊர் பன்னுக்குள் இனிப்பு இருக்கும் என்று நம்பிக் கடித்தவன், மிளகாயும் மீனும் வந்ததில் கண் கலங்கிப் போனேன். எதிர் மேசையில் இரண்டு கடற்படைப் பையன்கள். அவர்களில் ஒருவன் டி-சர்ட் தோளில் நூல் நீட்டிக்கொண்டிருந்தது. நான் என் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டேன். அவர்கள் சிங்களத்தில் ஏதோ பேசிக்கொண்டார்கள். நஸீர் தேநீருக்குள் சிரித்தார்.

“என்னங்க சொல்றாங்க?”

“ஒருத்தன் கேக்குறான், இந்த ஆள் ஏன் அழுதுகொண்டு என்ட தோள்மூட்டப் பாக்கிறாரு எண்டு. மத்தவன் சொல்றான், மகன் ஞாபகம் வந்திருக்கும், பாவம், அந்தப் பக்கம் பாக்காத எண்டு.”

அந்தப் பையன் எழுந்து போகும்போது என்னைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தான். நானும் ஒரு அப்பாவின் சோகத்தோடு தலையசைத்து வைத்தேன்.

ஆசிட் நாள் வந்தது.

ஐஸ் தொழிற்சாலைக்குள் பழைய குளிர் இன்னும் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது. துணியை முந்தின நாளே காரத்தில் அவித்து, வெளுத்து, காய வைத்திருந்தார்கள். நடுவில் பெரிய கண்ணாடிப் பாத்திரம், அதைச் சுற்றி வெந்நீர், மேலே சுழலும் துடுப்பு. மூலையில் இரண்டு கேன் கந்தக அமிலம். எனக்குக் கண்ணாடி, கையுறை, முழங்கால் வரை மேலங்கி எல்லாம் மாட்டிவிட்டார்கள். அதோடு நான் இருபதடி தள்ளி, ஐஸ் அறையின் தடித்த கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

“அண்ணை, அங்க நிண்டா ஒண்டும் தெரியாது,” என்றார் ஜெனிற்றா.

“தெரியுதுங்க, தெரியுதுங்க.” கதவின் சாவித்துளை வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அங்கிருந்தபடியே ஒரு கேள்வி மட்டும் கேட்டேன். திருப்பூர்க்காரன் யாராக இருந்தாலும் இதைத்தான் முதலில் கேட்பான். “வேலை முடிஞ்ச தண்ணி எங்கீங்க போகுது?” எங்கள் நொய்யல் ஆறு எந்தக் கம்பெனியில் என்ன சாயம் ஓடுகிறது என்று ஊருக்கே சொல்லிக்கொண்டு ஓடியதைப் பார்த்து வளர்ந்தவன் நான்.

ஜெனிற்றா பின்பக்கத் தொட்டியைக் காட்டினார். சுண்ணாம்பு போட்டு அமிலத்தை முறித்தால், அடியில் வெள்ளைச் சேறாகப் படிந்துவிடும். “ஒரு சொட்டுக் கடலுக்குப் போனாலும் முதல் ஆளா என்ட அப்பா வந்து நிப்பார். அவரின்ட வலை அங்கதான் கிடக்கு.”

முக்கால் மணி நேரம் துடுப்பு சுற்றியது. பிறகு எல்லாவற்றையும் பெரிய தொட்டிக் குளிர்ந்த நீரில் ஊற்றினார்கள். பால் மாதிரி வெள்ளை மேகம் திரண்டு, மெல்ல அடியில் இறங்க வேண்டும்.

மேகம் வரவில்லை. மங்கின மஞ்சள் தண்ணீர். அடியில், கைக்குட்டை அளவுக்கு ஒரு வெண்மை.

ஜெனிற்றா தொட்டிக்குள் குனிந்து பார்த்தார். “கஞ்சி வர வேணும்,” என்றார். “சீனித்தண்ணி வந்திருக்கு.”

நான் கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தேன். ஆசிட்டுக்குப் பயந்தவன் அந்தக் கணம் அதை மறந்தே போனேன். அதைவிடப் பெரிய பயம் வந்துவிட்டது. ஜெனிற்றா மிச்சமிருந்த துணித்துண்டுகளை மேசையில் பரப்பி, ஒவ்வொன்றாக உருப்பெருக்கியில் பார்த்தார்.

“விஸ்கோஸ் அண்ணை. பாதிக்கு மேல விஸ்கோஸ்.”

எனக்குப் புரிந்துவிட்டது, ஆனாலும் அவர் பொறுமையாகச் சொன்னார். விஸ்கோஸ் என்பது மரத்தைக் கரைத்து, திரும்ப நூலாக இழுத்தது. பருத்தியும் அதுவும் அடிப்படையில் ஒரே பொருள். எரித்தால் ஒரே வாசம், ஒரே சாம்பல். “ஆனா இது, பிட்டை உதிர்த்துப் பிசைஞ்சு திரும்பக் குழலுக்குள்ள அடைச்ச மாதிரி. இறுக்கமான துண்டு பெரிசா இல்லை. அசிட் பட்டா சீனியாக் கரைஞ்சு போயிடும், ஒண்டும் மிஞ்சாது.”

நான் சொல்ல வேண்டியதை அப்போதே சொல்லிவிடுகிறேன் என்று ஆரம்பித்து, மூன்று தடவை தண்ணீர் குடித்தேன். திருப்பூரில் என் குடோனுக்கு எந்தக் கம்பெனியிலிருந்து மூட்டை வருகிறதோ, அந்தக் கம்பெனி பெயரே போதும். அவர்கள் பருத்திக்காரர்கள் என்று எனக்கு முன்னமே தெரியும். நான் எரிப்பது, பாலியஸ்டர் எங்காவது புகுந்திருக்கிறதா என்று பார்க்க மட்டும். முப்பது வருஷமாக விடை தெரிந்த கேள்விக்குத்தான் நான் பரீட்சை எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். இங்கே மூட்டை எந்தத் தொழிற்சாலையிலிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. என் மூக்குக்கும் தெரியவில்லை.

“ஃபௌசியா அம்மா சொன்னாங்க,” என்றேன். “நான்தான் அவங்க ஒதுக்கினதையும் எடுத்து உள்ள போட்டேன்.”

ஜெனிற்றா மிச்சமிருந்த ஆசிட் கேனைப் பார்த்தார். ஒன்றுதான் இருந்தது.

அன்று மத்தியானம் கிண்ணியாவுக்குப் போகிற வழியெல்லாம், இருபது வார்த்தையில் ஒரு மன்னிப்பைத் தயார் செய்தேன். வாசலில் இறங்கியதும் பத்தொன்பது வார்த்தை மறந்துவிட்டது. “எச்சில்,” என்றேன்.

ஃபௌசியா என்னைப் பார்த்தார், நஸீரைப் பார்த்தார். பிறகு உள்ளே போய் ஒரு கோப்பையில் தண்ணீர் கொண்டு வந்து வைத்தார். “எச்சில் வேணா ஐயா, ஆயிரம் துண்டுக்கு எங்க போற. தண்ணில தொட்டு இழுங்க.”

மூன்று நாள் அந்த வளவில் பாயில் உட்கார்ந்திருந்தேன். நூலை நனை, இழு. ஈரமான இடத்தில் அறுந்தால் விஸ்கோஸ். ஈரத்தில் இன்னும் உறுதியாகி, காய்ந்த இடத்தில் போய் அறுந்தால் பருத்தி. லைட்டர் பாலியஸ்டருக்கு மட்டும். என் வேகம் பெண்களில் பாதிகூட இல்லை. மத்தியானத்துக்கு மீன் ஆணமும் (குழம்புதான்) சோறும் வந்தது. ஃபௌசியா என் குவியலிலிருந்து அவ்வப்போது ஒரு துண்டை எடுத்து, திரும்ப இழுத்துப் பார்த்து, குவியலிலேயே வைத்தார். ஒரு தடவை மட்டும் ஒன்றை என் முன்னால் தள்ளினார்.

“இது?”

நனைத்து இழுத்தேன். ஈரத்தில் அறுந்தது.

“தூக்கம் வந்தா வீட்டுக்குள்ள போய்ப் படுங்க ஐயா,” என்றார் ஃபௌசியா. பெண்கள் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். தோள்கள் மட்டும் குலுங்கின.

சுத்தமான பருத்தி ஒரு மூட்டை சேர்ந்தது. வண்டிக் கூரையில் கட்டிக்கொண்டு டவுனுக்குள் நுழையும்போது பின்சக்கரம் காற்று இறங்கியது. நஸீர் சக்கரத்தைக் கழற்ற, நான் மூட்டையை இறக்கி மதிலோரம் வைத்துவிட்டு, ஜாக்கியைப் பிடித்தேன். நிமிர்ந்து பார்த்தால் மூட்டையைச் சுற்றி நாலு மான்கள்.

இதைச் சொன்னால் திருப்பூரில் யாரும் நம்பவில்லை. அந்த ஊரில் மான்கள் நம் ஊர் ஆடு மாதிரித் தெருவில் திரிகின்றன. ஒரு கொம்பன் மூட்டை வாயைக் கிழித்து, மூன்று நாள் உழைப்பை நிதானமாக மென்றுகொண்டிருந்தது. நான் கத்திக்கொண்டு ஓடினேன். கொம்பு என் பக்கம் திரும்பியது. அதே வேகத்தில் கத்திக்கொண்டு வண்டிக்கே திரும்பி ஓடி வந்தேன். நஸீர்தான் ஸ்பானரோடு போய், “போ மச்சான், போ,” என்று அதைத் தட்டிக்கொடுத்து அனுப்பினார்.

“கொஞ்சம்தான் திண்டிருக்கு,” என்றார் மூட்டையைப் பார்த்து. “ஒண்டுக்கும் பயப்படாதீங்க. மான் தின்னுதெண்டா கலப்படமில்லாத சாமான்.”

இரண்டாவது தடவை நான் கதவுக்குப் பின்னால் போகவில்லை. வீரம் ஒன்றுமில்லை. ஃபௌசியாவும் மற்ற ஐந்து பெண்களும் பஸ் பிடித்து வந்து வரிசையாக நின்றிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒளிய இடம் இல்லை, முன்னால்தான் இருந்தது.

துடுப்பு சுற்றியது. துணி கஞ்சியாகி, கஞ்சி சாம்பல் நிறமாகி, நேரம் முடிந்ததும் ஜெனிற்றா குளிர்ந்த நீரில் ஊற்றினார். முதலில் ஒன்றுமில்லை. பிறகு தொட்டியின் நடுவிலிருந்து வெள்ளையாக ஏதோ திரண்டது. மார்கழிக் காலையில் பனி இறங்குகிற மாதிரி, அவசரமே இல்லாமல், தொட்டி முழுக்க விரிந்து கீழே இறங்கிக்கொண்டே இருந்தது. ஜெனிற்றா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆவி படிந்துவிட்டது என்றார். அப்படியே வைத்துக்கொள்வோம்.

அதற்கப்புறம் கழுவுகிற வேலை. மெல்லிய தோல் போன்ற நீளப் பைகளில் அந்தப் பாலை ஊற்றி, முனை கட்டி, நல்ல தண்ணீரில் மிதக்க விட்டார்கள். அமிலம் மட்டும் பையின் சுவர் வழியே வெளியேறும், குச்சிகள் உள்ளேயே நிற்கும். காலையும் மாலையும் தண்ணீர் மாற்ற வேண்டும். அந்த வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். நாலு நாள் தண்ணீர் மாற்றினேன். கடைசியில் ஒலி அலையால் அடிக்கிற ஒரு இயந்திரத்துக்குக் கீழே வைத்தபோது, அது பல் கூசுகிற மாதிரிக் கிறீச்சிட்டது. பால் வெளுத்து வெளுத்துக் கண்ணெதிரே ஏறக்குறையத் தண்ணீராகிவிட்டது. உள்ளே ஒரு கிலோ துணி இருக்கிறது. எதிரில் நிற்கிற ஆளின் முகம் தெரிகிறது.

ஜெனிற்றா அதிலிருந்து கொஞ்சம் எடுத்து ஒரு கண்ணாடித் தட்டில் ஊற்றி அலுமாரிக்கு மேல் வைத்தார். இரண்டு நாள் கழித்து, “அண்ணை, ஒரு சாமான் காட்டுறன்,” என்று அந்தத் தட்டை ஜன்னல் பக்கம் கொண்டுபோனார்.

தண்ணீர் காய்ந்து, மெல்லிய ஏடு ஒன்று தட்டில் படிந்திருந்தது. வெளிச்சத்தில் சாய்த்தார். பச்சை. இன்னும் கொஞ்சம் சாய்த்தார். நீலம். ஓரத்தில் செம்பு, நடுவில் மயில் கழுத்து. தலையை ஆட்டினால் நிறம் நகர்ந்தது.

“என்ன சாயங்க இது?”

“சாயம் இல்லை.”

“இல்லைங்க, இந்தப் பச்சைக்கு என்ன போட்டீங்க?”

“ஒண்டும் போடேல்லை அண்ணை. வெள்ளைத் துணிதான். குச்சியள் காயேக்குள்ள தாங்களாவே சுருள் சுருளா அடுக்கி நிக்கும். அந்த அடுக்கில வெளிச்சம் பட்டுத் தெறிக்கிறதுதான் நிறம்.”

நான் பிறந்த ஊரில் நிறம் என்றால் டிரம், உப்பு, கொதிநீர், ஆற்றில் விடப்பட்ட மிச்சம். பள்ளிக்கூடம் போகும் வழியில் ஆறு சிவப்பாக இருந்தால் திங்கட்கிழமை, நீலமாக இருந்தால் புதன் என்று நாங்கள் விளையாடுவோம். ஒரு சொட்டுச் சாயமில்லாமல், ஒரு வெள்ளைப் பனியன் துண்டு தானாக மயிலாக நிற்கும் என்று யாராவது சொல்லியிருந்தால், நான் அவருக்குப் பட்டப்பெயர் வைத்திருப்பேன். ஜன்னல் பக்கத்தில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. வழக்கமாக இந்த மாதிரி இடத்தில் எனக்கு ஏதாவது கேலி வாயில் வரும். வரவில்லை.

ஃபௌசியா பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார். “தோய்ச்சா சாயம் போகுமா மிஸ்?”

“தோய்ச்சா முழுசாவே போயிடும். தண்ணியில திரும்பக் கரைஞ்சிடும்.”

“அப்ப சட்டை தைக்கேலா,” என்று முடிவு சொல்லிவிட்டு ஃபௌசியா வேலைக்குப் போனார்.

வெள்ளிக்கிழமை குச்சவெளி. கரையோர வீதியில், மடியில் கேனைக் குழந்தை மாதிரிப் பிடித்துக்கொண்டு போனேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் நஸீரை முறைத்தேன். கடலை நான் பார்க்கவே இல்லை. நல்ல கடல் என்று சொன்னார்கள்.

சங்கத் தலைவர் சிவராசா தோட்டத்து வாசலில் நின்றிருந்தார். அறுபது வயது, வெயிலில் காய்ந்த உடம்பு, சிரிப்பைச் சேமித்து வைக்கிற முகம். பப்பாசிகளைப் பறித்து நிழலில் அடுக்கியிருந்தார்கள். லொறி சாயந்தரம் தம்புள்ளைச் சந்தைக்குப் புறப்பட வேண்டும்.

“ரெண்டு கேன் எண்டு சொன்னீங்கள்,” என்றார் ஜெனிற்றாவிடம்.

ஜெனிற்றா வாயைத் திறப்பதற்குள் நான் முன்னால் வந்துவிட்டேன். “ஒரு கேனை நான் கெடுத்துட்டேனுங்க. அவங்க தப்பில்லை. என் மூக்கோட தப்பு.”

அவர் என் மூக்கைப் பார்த்தார். “முதல் ரெண்டு தரமும் என்னட்ட வந்து பிழையைச் சொன்ன ஆளில்லை,” என்றார். “நானாத்தான் கண்டுபிடிச்சனான்.” பிறகு கேனைத் திறந்து பார்த்தார். “இது தண்ணி.”

“தண்ணி மாதிரி இருக்குமுங்க.”

“சட்டைத் துணியை என்ட பப்பாசியில பூசுறீங்கள். சரி. அதுவும் கண்ணுக்குத் தெரியாமப் பூசுறீங்கள்.”

“பனியன்னு வச்சுக்கங்க. பப்பாசிக்கு ஒரு பனியன்.”

அவருக்குச் சிரிப்பு வந்தது. சேமிப்பிலிருந்து எடுத்தது என்பதால் கொஞ்சமாகத்தான் வந்தது. “அசிட்டில அவிச்சதெண்டு கேள்விப்பட்டன். திண்டா?”

“கழுவிக் கழுவி அசிட் போச்சுது ஐயா. மிஞ்சினது பருத்திதான்,” என்றார் ஜெனிற்றா. “அதுவும் தோலுக்கு மேலதானே. தோலைச் சீவிப்போட்டுத்தானே தின்னுறது.”

சிவராசா ஒரு பப்பாசியை எடுத்து, அவரே முதலில் முக்கினார்.

மத்தியானம் முழுக்க முக்கி எடுத்து, தென்னோலை மேல் காய வைத்தோம். காய்ந்ததும் ஒன்றும் தெரியவில்லை. அதே பழம், அதே மங்கின பச்சை. விரலால் தடவினால் மட்டும் லேசாக வழுக்கியது. பாதிப் பெட்டிகளுக்குத்தான் கலவை போதியது. பூசின பெட்டிகளின் மூலையில் சிவராசா கரியால் ஒரு கோடு இழுத்தார். “தம்புள்ளையில நானும் நிப்பன்,” என்றார். “ஆரும் கதை சொல்லத் தேவையில்லை. நாலு நாள் வச்சுப் பாப்பம், செவ்வாய்க்கிழமை பழம் சொல்லும்.”

ஞாயிற்றுக்கிழமை ஊர் திரும்ப வேண்டியவன், போகவில்லை. வீட்டுக்காரம்மா ஃபோனில் கேட்டாள். பப்பாசி காத்திருக்கிறது என்றேன். யார் அது என்றாள். விளக்கம் சொல்லி முடிக்க அரைமணி நேரமானது.

செவ்வாய்க்கிழமை ஐஸ் தொழிற்சாலையில் எல்லாரும் ஏதோ வேலை செய்கிற மாதிரி இருந்தோம். பிரிக்கிற பெண்கள் வரவில்லை. முடிவு தெரிகிற வரை வேலை இல்லை என்று ஜெனிற்றா சொல்லியிருந்தார். ஃபௌசியா மட்டும் வந்து, சுத்தமாக இருந்த மேசையைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார். பத்தரை மணிக்கு ஜெனிற்றாவின் ஃபோன் அடித்தது. சிவராசா.

ஜெனிற்றா ஃபோனைப் பார்த்துக்கொண்டே நின்றார். நஸீரிடம் நீட்டினார். நஸீர் ஃபௌசியாவிடம் நீட்டினார். ஃபௌசியா கை ஈரம் என்றார். கடைசியில் அது என் கையில் இருந்தபோது அடித்து ஓய்ந்துவிட்டது. நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். திரும்ப அடித்தது. நான் பச்சையை அழுத்தினேன். என் இதயம் அந்த ஒலி இயந்திரம் மாதிரிக் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது.

சிவராசா முதலில் லொறிக்காரனைத் திட்டினார். பிறகு வீதியைத் திட்டினார். பிறகு தம்புள்ளையில் குடித்த தேநீரைத் திட்டினார். நான் ஒவ்வொன்றுக்கும் “ஆமாங்க” சொன்னேன். ஜெனிற்றா என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார்.

“கோடு போடாத பெட்டியளில அரைவாசி இளகிப்போச்சு,” என்றார் சிவராசா. “வழமையா அப்பிடித்தான்.”

“கோடு போட்டதுங்க?”

“அதுக்குத்தானே எடுத்தனான். வெள்ளிக்கிழமை வெட்டின மாதிரியே கிடக்கு. ரெண்டு பழத்தில காம்படியில கறுத்திருக்கு, மிச்சம் நல்லம். வாங்க வந்தவன் பெட்டியைத் திறந்து பாத்திட்டு, எப்ப வெட்டினதெண்டு கேக்கிறான். வெள்ளி எண்டு சொன்னா, பொய் சொல்லாதையுங்கோ ஐயா எண்டுறான். என்னைப் பாத்து.” அந்தக் குற்றச்சாட்டு அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது போலிருக்கிறது, இரண்டு தடவை சொன்னார். “மிஸ்ஸிட்டச் சொல்லுங்கோ. அடுத்த வெட்டுக்கு எங்கட ஆக்கள் எல்லாற்ற தோட்டத்துக்கும் வேணுமாம். இந்த முறை சொன்ன கேன் சொன்னபடி வர வேணும்.”

ஃபோனை வைத்தேன். “எல்லார் தோட்டத்துக்கும் வேணுமாமுங்க,” என்றேன். ஜெனிற்றா பக்கத்திலிருந்த கதிரையில் மெதுவாக உட்கார்ந்தார்.

ஃபௌசியா துடைத்துக்கொண்டிருந்த துணியை மடித்து வைத்தார்.

“அப்ப, நாளைக்குப் புள்ளையள வரச் சொல்லட்டா மிஸ்?”

“ஓம்,” என்றார் ஜெனிற்றா. “ஆறு பேரும் காணாது. இன்னும் ஆக்கள் இருந்தா அவையளையும் கூட்டிக்கொண்டு வாங்கோ.”

ஃபௌசியா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, ஃபோனை எடுத்து வெளியே வாசலுக்குப் போனார். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு, ஐந்து தடவையும் அதே நாலு வார்த்தையைச் சொல்வது உள்ளே கேட்டுக்கொண்டிருந்தது. “நாளைக்கு வேல இருக்கு, வா.”